வகான் கேட்ட இரண்டாவது மணி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டத் தலைவர் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நெல்வயலிலிருந்து கால் கழுவி நேரே வந்திருக்கும் தாய்மார்களே! முப்பது ஆண்டுகள் மன்றத்தில் முழங்கிவிட்டு இன்று ஓய்வு பெறும் என் அடிமை, சோற்றுத் திருடன், மாண்புமிகு வகான் ஃபாயே அவர்களே!

பின்வரிசையில் திடுக்கிடும் புது அதிகாரி ஐயா, பதறாதீர்கள். அவர் செரேர், நான் ஜோலா. இரு குலத்துக்கும் கேலி முறை. நான் திட்டாவிட்டால்தான் அவர் கோபிப்பார்!

பள்ளி கட்டினார் என்பார்கள். பாலம் கட்டினார் என்பார்கள். விடுதலைக் கொடி ஏறியபோது நிமிர்ந்து நின்றார் என்பார்கள். நின்றார்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் அதற்கும் முன்னே ஒரு நாள் அவர் எழுந்து நின்றாரே, அதைச் சொல்லத்தான் இந்த நியீமா பாஜி மேடை ஏறினேன்.

விடுதலைக்கு முந்தைய தேர்தல். ஓட்டுச் சீட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு கோலி கொடுத்தார்கள். திரைக்குப் பின்னே வேட்பாளர் படம் ஒட்டிய பீப்பாய்கள். குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். வகானை எதிர்த்து நின்ற துமானி கசாமா பீப்பாய்க்குக் கணீர்க் குரல். வகான் பீப்பாய்க்குக் கரகரப்பு. வெளியே மாமர நிழலில் அமர்ந்து வேட்பாளர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

என் ஓரகத்தி மணிக்குப் பயந்து, கோலியை வாயில் அடக்கியபடி வெளியே வந்துவிட்டாள். "அக்கா, அது அலறுது. எனக்கும் சேத்து நீயே போட்டுரு" என்றாள்.

போட்டேன்! ஒன்றல்ல, இரண்டு! உதவி என்று நினைத்தேனே தவிர, குற்றம் என்று நினைத்தேனா? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் கோலியைத் தாயத்தென்று வீட்டுக்கே கொண்டுபோனீர்கள்?

துமானி அப்போது கடலைக் குழம்புச் சோற்றில் மூழ்கியிருந்தார். கேட்டவர் வகான் ஒருவரே. எழுந்தார்.

"ஒருத்தர் உள்ள போனாங்க, ரெண்டு மணி அடிச்சுது."

"உங்க பீப்பாய்தானே ஐயா? பேசாம இருங்களேன்" என்றார் அதிகாரி.

"வெள்ளைக்காரன் போனப்புறம் நம்ம ஓட்ட நாமதான் எண்ணணும். இப்பவே தப்பா எண்ணிப் பழகலாமா?"

"சரி, போட்டது யாரு?"

"காது கேட்டுச்சு. கண்ணு பாக்கல."

விதிப்படி இரண்டு கோலியும் செல்லாமல் போயின. மாலையில் எண்ணினார்கள். வகான் ஒரே ஒரு கோலியில் தோற்றார்! யாரால்? என்னால்!

மறுநாள் அழுதுகொண்டே போய் நின்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அடியே, ஒண்ணோட நிறுத்தத் தெரியாத ஜோலாக்காரி! உன்ன விட்டா இந்த நாட்டையே எனக்கு ரெண்டு தடவ குடுத்திருப்ப. மூக்கத் தொடைச்சுட்டு ஒக்காரு, சாப்பிடலாம்."

இன்றுவரை என் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானே சொல்கிறேன், வெட்கத்தோடும், அதைவிடப் பெரிய பெருமையோடும்!

விடுதலை வந்தது. அடுத்த தேர்தலும் வந்தது. அதே மாமர நிழல். துமானியின் நாற்காலி மட்டும் காலி. அதிகாரி ஆள் அனுப்பிக் கேட்டார். வயலில் நின்றபடியே துமானி சொன்ன பதிலை நாடே கேட்க வேண்டும்!

"வகான் அங்க ஒக்காந்திருக்கான்ல? அப்புறம் எனக்கெதுக்குத் தனியா ஒரு காது?"

அன்று வகான் வென்றார். ஆனால் எதிராளி நம்பி விட்டுப்போன அந்த வெற்று நாற்காலியைவிடப் பெரிய வெற்றி எந்தப் பீப்பாயில் இருந்தது, சொல்லுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வாழ்க நம் மண்! வாழ்க என் அடிமை! வணக்கம்.