எலுமிச்சம்பழத்துக்காகத் தளர்த்திய சங்கிலி

பெயர் ஷண்முகப்ரியா, வயது 32, தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையின் மகள், இருப்பிடம் மந்தைவெளி. பெருங்குடியில் ஒரு தனியார் சோதனை நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். ராணுவ வண்டிகளை ரயிலில் பத்திரமாகக் கொண்டுபோக முடியுமா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. வண்டியை வேகனில் ஏற்றிச் சங்கிலியால் கட்டி, அந்த வேகனை எஞ்சினால் தள்ளி வேறு வேகன்கள் மேல் மோதவிட்டு, கட்டு தாங்குகிறதா என்று பார்ப்போம். இறந்துபோன ஸ்ரீநாத் என்னுடன் வேலை செய்தவர்.

கடந்த வெள்ளிக்கிழமை காலை புதுக் கவச வண்டி ஒன்றுக்குச் சோதனை இருந்தது. புது வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவது எங்கள் வழக்கம், அதைத் தரையிலேயே முடித்துவிடுவோம். அன்று மேலாளர் கல்யாணராமன் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். அதற்குள் வண்டியை வேகனில் ஏற்றிக் கட்டியிருந்தோம். பூஜை இல்லாமல் கூடவே கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், சங்கிலிகளைத் தளர்த்தி, வேகன் மேலேயே வண்டியை ஒரு முழம் நகர்த்திப் பழங்களை நசுக்கினோம். மார்க்கெட்டில் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கியவள் நான்தான்.

அதன் பிறகு சங்கிலிகளை மாட்டினார்கள், இறுக்கி முறுக்கவில்லை. ஸ்ரீநாத் அதைச் சொன்னபோது கல்யாணராமன், "பத்தரைக்கு ராகுகாலம் வந்துடறது, மொதல் மோதல் முடியட்டும், அப்பறம் முறுக்கிக்கலாம்" என்றார். அதற்கு ஸ்ரீநாத், "நானே ஏறி முறுக்கிடறேன் சார், நான் எறங்கற வரைக்கும் கொடி காட்டாதீங்க" என்றார். கல்யாணராமன் தலையாட்டினார். நான் இருவருக்கும் பக்கத்தில் நின்றேன். அதன் பிறகு ஸ்ரீநாத் வேகனில் ஏறி, வண்டிக்கு முன்னால் குனிந்து முறுக்க ஆரம்பித்தார். கல்யாணராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பச்சைக் கொடியைக் காட்டினார். நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. வேகன் மோதியதும் வண்டி வழுக்கி வந்து ஸ்ரீநாத்தை வேகனின் முனைத் தடுப்போடு சேர்த்து நசுக்கியது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் சட்டையில் எலுமிச்சை வாசனை அடித்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ஸ்ரீநாத்தின் மனைவி மஹதியிடம் கல்யாணராமன், "யார்கிட்டயும் சொல்லாம அவனா ஏறிட்டான்மா" என்றார். மஹதி என்னைப் பார்த்து, "நிஜமாவா அக்கா?" என்று கேட்டாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார்கள். கம்பெனி கொடுத்த புகாரில் உள்ளபடி, 'சொல்லாமல் ஏறினார்' என்று இதிலும் ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, 'சொல்லிவிட்டுத்தான் ஏறினார்' என்று எழுதவைத்து, அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெ. ஷண்முகப்ரியா