குடையை மல்லாக்கப் பிடித்த தெரு

சுருக்கமாகப் பேசுங்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் அரை மணி நேரம் தலைமையுரை ஆற்றிய தலைவர், மருந்துக்கடை அண்ணன் அவர்களே! மின்விசிறிக்கு நேராக நாற்காலி தேடி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாளைய ஊர்வலத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இன்றே முதுகுவலிக்குத் தயாராகும் அண்ணன் தம்பிகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் தெருக்கோடிக் குளத்தை மண்ணடித்து மூடி, வண்டி நிறுத்தும் இடமாக்காதீர்கள் என்று கேட்பதற்காக நாளைக் காலை நகராட்சி வாசல் வரை நடக்கப் போகிறோம். பருவநிலை மாற்றம் என்றால் என்னவென்று தலைவர் விளக்கினார். அந்த விளக்கம் புரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன். வர வேண்டிய மாதத்தில் மழை வரவில்லை. வரக்கூடாத மாதத்தில் வந்தது, அதுவும் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவ்வளவுதான்.

நான் படித்த பேச்சாளர் அல்ல. திரையரங்கில் டிக்கெட் கொடுப்பவள். ஓடிய படமெல்லாம் ஓசியில் பார்த்தவள். அந்த உரிமையில் கேட்கிறேன். காதலைச் சொல்ல மழை, கண்ணீரை மறைக்க மழை, கத்திச் சண்டைக்கு மழை, கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆவதற்கும் மழை. மழை பெய்யாமல் திரையில் எவராவது எவரையாவது விரும்பியதுண்டா? அப்படியானால், மழையே இல்லாத நம் தெருவில் இத்தனை பிள்ளைகள் பிறந்தது எப்படி? சிரிக்காதீர்கள், தலைவர் வெட்கப்படுகிறார்.

சரி, அந்தத் திரை மழையைப் பெய்வித்தவர் யார்? என் வீட்டுக்காரர். லாரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி, உயரத்திலிருந்து தூவும் வேலை. ஊரே அவரை மழைக்காரர் என்றுதான் அழைக்கும். ஊரையே நனைத்தவர், வீட்டுச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை என்பது வேறு கதை. நான் தண்ணீரைச் சேமியுங்கள் என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போவேன். அவர் அதைச் சாலையில் கொட்டிவிட்டு வருவார். ஊருக்குத்தானா உபதேசம் என்று நீங்கள் என் காதுபடவே பேசினீர்கள். இதோ, முன்வரிசையில் தலை குனிகிறார்களே, அவர்களும்தான் பேசினார்கள். எனக்கு வலித்தது. ஆனால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பொய் மழையால்தான்.

இந்தக் கோடையில் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த நேரம். நம் தெருவிலேயே மழைப் பாட்டு எடுக்க ஒரு படக்கம்பெனி வந்து இறங்கியது. லாரி லாரியாகத் தண்ணீர். பின்னால் நடந்து போக ஆள் வேண்டும் என்று நம் பெண்களையே கூப்பிட்டார்கள். கைக்கொரு குடை கொடுத்தார்கள். தலையைக் குனிந்து விறுவிறுவென்று நடக்க வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது, இவ்வளவுதான் நடிப்பு.

இயக்குநர் கையசைத்தார். மேலிருந்து மழை கொட்டியது. கதாநாயகி சிலிர்த்தார், கதாநாயகன் உருகினார். பின்னால் நம் தையல்காரி அக்கா என்ன செய்தார்? பிடித்திருந்த குடையை மல்லாக்கத் திருப்பித் தண்ணீரைப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை தானாகப் போனது. அதைப் பார்த்ததும் எல்லாக் குடைகளும் திரும்பின. நனைந்தோம், நடுங்கினோம், ஆனால் ஒரு துளியை விட மனம் வரவில்லை.

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு காரணம் கேட்டார். அக்கா தன் குடையைக் கவனமாகப் பிடித்தபடியே சொன்னார். "தண்ணி வீணாப் போகுதே தம்பி."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி குடைகள் மல்லாந்தன. இந்த முறை இயக்குநர் மேலே நின்ற என் வீட்டுக்காரரிடம், குடை பிடிக்க முடியாத அளவுக்கு வேகத்தைக் கூட்டச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். திறந்தால் வேலை நிலைக்கும், தெருவின் மதிப்பு போகும். மூடினால் தெருவின் மதிப்பு நிலைக்கும், வேலை போகும். ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவர் முடிவாக இருந்திருக்காது.

அவர் குழாயை மூடினார். கீழே இறங்கி வந்து இயக்குநரிடம் மரியாதையாகவே சொன்னார். "இது எங்க குளத்தங்கரை கிணத்துத் தண்ணி சார். எங்க ஜனம் முன்னாடியே என்னால ஊத்த முடியாது."

மிச்சத் தண்ணீர் அன்று நம் குடங்களுக்கு வந்தது. அவருக்கு இனி வரவேண்டாம் என்ற செய்தி வந்தது. கைதட்டாதீர்கள் தாய்மார்களே. கைதட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், வேலையில்லாத மனிதரோடு நான் இருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. என்மேல் கோபமா, தன்மேல் வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. என் புருஷனைப் பார்த்து நான் பெருமைப்பட்டதும் அவருக்காகப் பயந்ததும் ஒரே நாளில்தான்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்தே மறுபடி போன் வந்தது. வேலைக்கு வரலாமாம். எப்போது? நாளைக் காலை! ஆம் ஐயா, நாம் நடக்கப் போகும் அதே நாளைக் காலை. அவர் கேட்டார், போனை வைத்தார், சாப்பிட்டார், தூங்கினார். போவீர்களா என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே இந்த மேடையில் சொல்கிறேன். அவர் வேலைக்குப் போனால் யாரும் அவரைப் பழிக்கக் கூடாது. உழைத்துச் சோறு போடுவது பாவமா? முடியாது என்று ஒருமுறை மறுத்துக் காட்டிய மனிதரிடம், தினம் தினம் மறுத்துக் காட்டு என்று கேட்க நாம் யார்? குளம் ஒருவர் குடும்பத்தின் சுமையா? குடை பிடித்த கை அத்தனையும் நாளை கூடினால், எந்த ஒருவரும் தனியாகத் தன் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அழைக்கிறேன். அன்பாக அழைக்கிறேன், அதட்டியும் அழைக்கிறேன், வாருங்கள்!

என்ன அங்கே சலசலப்பு? பின்னால் யாரோ எழுந்து நிற்கிறார்கள். ஒலிபெருக்கித் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். யார்... நீங்களா? என்ன கேட்கிறீர்கள்?

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

ஏழு மணிக்குங்க.

மன்னியுங்கள். எழுதி வைத்த முடிவுரை கையில் இருக்கிறது, எழுத்துத்தான் தெரியவில்லை. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. என்னைப் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. ஏழு மணிக்கு மழைக்காரரையும் என்னையும் தெருமுனையில் பார்க்கலாம். வணக்கம்.