பரீட்சை எழுதும் வக்கீல்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வக்கீலுக்கு நாளைக்குப் பரீட்சை இருக்குக்கா" என்றாள் இளையவள், தென்காசிப் பக்கத்துப் பேச்சில்.

உள்ளூர்க்காரியான மூத்தவள் திரும்பினாள். "இன்னாது, வக்கீலுக்குப் பரீட்சையா?"

"சட்டக் காலேஜ்ல படிக்க பிள்ளக்கா. ஏழபாழைக்கு இலவசமா உதவி செய்ய வந்திருக்கு. வேலைக்குச் சேரும்போது கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் என் ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டாருல்லா? ஊருல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு, திங்கக்கிழம சேரணும். கேட்டா தரமாட்டேன்னுட்டாரு. அந்தப் பிள்ளதான் லெட்டர் எழுதி எங்கூட ஆபீசுக்கு வந்துச்சு."

"அவன் மொறைச்சிருப்பானே?"

"மொறச்சாரு. 'நீ எத்தன கேஸ் ஜெயிச்சிருக்க?'ன்னு கேட்டாரு. 'இதான் சார் மொத கேஸு, அதனால விடமாட்டேன்'னுச்சு. நாற்காலிய விட்டு எந்திரிக்கல. மூணு மணி நேரம் அங்கயே ஒக்காந்திருந்தோம்."

"குடுத்தானா இல்லியா?"

"குடுத்துட்டாருக்கா. நாங்க கம்பெனி கேட்டத் தாண்டுனதும் பின்னாலயே ஓடியாந்தாரு. திரும்பப் பிடுங்கத்தான் வாராருன்னு பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்பால?"

"அந்தப் பிள்ளகிட்ட மெதுவாச் சொல்லுதாரு: 'என் சர்டிபிகேட்டும் மொதலாளிகிட்டதாம்மா இருக்கு. எனக்கும் இப்புடி ஒரு லெட்டர் எழுதித் தர்றியா?'"