பத்து வருஷச் சத்தம்

— இன்னொரு தடவை சொல்லுங்க வக்கீலய்யா. நான் பத்து வருஷமா தப்புப் பண்ணேன்னு நீங்களே போய்ச் சொல்லப் போறீங்களா?

— ஆமாம்மா மேவிஸ். பதினொரு மணிக்கு, இதே நகரசபைக் கட்டடத்து மாடியில, கட்டட அனுமதி விசாரிக்கிற அதிகாரி முன்னால. ஒரு நாள் விடாம பண்ணீங்கன்னு அடிச்சுச் சொல்லப் போறேன். அனுமதி இல்லாத கொட்டகையில ஒன்பது வருஷம் ஆளை உட்கார வெச்சுப் பீர் ஊத்தினா குற்றம். பத்து வருஷம் ஊத்தினா உரிமை. அப்புறம் நகரசபை இடிக்க முடியாது.

— நல்ல சட்டம்யா. ரெண்டு மணிக்கு?

— ரெண்டு மணிக்குக் கீழே, லைசென்ஸ் கமிட்டி. அங்கே அந்தக் கொட்டகையிலேர்ந்து ஒரு இருமல் சத்தம்கூட வந்ததில்லேன்னு சொல்லணும்.

— ரெண்டும் ஒரே வாயாலயா?

— அதான் சிக்கல். மேலே ஒண்ணு கீழே ஒண்ணு சொன்னா என் தொழில் போயிடும். கோர்ட்டுல தலையில வெக்கற பொய்முடி விக்கைப் பிடுங்கிடுவாங்கன்னு சொல்லலாம், ஆனா இந்த மாதிரி வழக்குக்கு விக்கே கிடையாது. மொட்டைத் தலையோடதான் வரணும்.

— சிரிப்பு வரலேய்யா. கொட்டகை போனா பாதி வியாபாரம் போச்சு. லைசென்ஸ் போனா 'நொண்டி வாத்து' மதுக்கடையே போச்சு. நான் குடியிருக்கறதும் அந்தக் கடை மாடியிலதான்.

— பதறாதீங்க. முன்னே ஒருத்தன் சர்ச் மணிக்கூண்டுல பத்து வருஷம் ஜின் வித்தான். சாட்சிக்கு வந்த பாதிரியாருக்கு அந்தப் பத்து வருஷத்துல ஒரு நாள்கூட ஞாபகமில்லே. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்னு தீர்ப்பாச்சு.

— நமக்கு எந்தப் பாதிரியார்?

— பக்கத்து வீட்டு பெக். சத்தம் தாங்கலே, லைசென்ஸை ரத்துப் பண்ணுங்கன்னு மனுக் கொடுத்தாரே, கூடவே நோட்டுகளையும் கொடுத்திருக்கார். பத்து வருஷமா தினம் எழுதியிருக்கார். எத்தனை பேர், என்ன பாட்டு, எத்தனை மணி வரைக்கும். மாடியில அதான் என் சாட்சி.

— கீழே?

— கீழே அதே நோட்டு நம்மைப் புதைக்கும். அதுகூடப் பரவாயில்லேன்னு பார்த்தா, ஆறாவது வருஷத்துல பதினோரு வாரம் ஒண்ணுமே எழுதலே. பிப்ரவரி ஆரம்பத்துலேர்ந்து ஏப்ரல் மூணாவது வாரம் வரைக்கும் வெத்து. அப்போ கொட்டகை மூடியிருந்ததுன்னு நகரசபை வக்கீலம்மா சொல்லுவா. சொன்னா பத்து வருஷத்தைத் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும்.

— மூடலேய்யா. ஐரிஸ் அப்போதான் படுத்த படுக்கையா கிடந்தா. பெக்கோட சம்சாரம். அவ கட்டில் எங்க கொட்டகைச் சுவரை ஒட்டித்தான். பாடினா மறுநாள் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னுட்டேன். டாமினோ ஆட்டக் கட்டையைத் தட்டற சத்தம் கேட்கும்னு மேஜை மேல போர்வை விரிச்சேன். ஒன்பது தடியனுங்க வாயைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தானுங்க.

— அம்மா, ஆளும் இருந்திருக்கு, சத்தமும் இல்லே. மேலே கொட்டகை மூடலேன்னு ஆச்சு, கீழே அக்கம்பக்கத்துக்காக நீங்க சத்தத்தை அடக்குவீங்கன்னு ஆச்சு. ஏன் இத்தனை நாள் சொல்லலே?

— அந்த மனுஷன் எதிர்ல நின்னு, உன் பொண்டாட்டி சாகறப்போ நான் எவ்வளவு நல்லவளா இருந்தேன் பாருன்னு சொல்லவா? மாட்டேன்.

— சொல்லலேன்னா ரெண்டு இடத்துலயும் தோப்போம்.

— தோத்துட்டுப் போறேன்.

— மெதுவா, மெதுவா. அவரே வரார். பெக், உங்க வக்கீல் அந்த ஜன்னல்கிட்ட இருக்கார். நான் உங்ககிட்ட வழக்கு பேசக்கூடாது.

— உம்மகிட்ட யார்யா பேச வந்தா? நான் மேவிஸ்கிட்டப் பேசறேன்.

— என்ன பெக்? கையில இன்னொரு நோட்டா? இன்னும் என்ன குத்தம் பாக்கி இருக்கு?

— இதை என் வக்கீல்கிட்டக் கொடுக்கலே. அந்தப் பதினோரு வாரத்தைத் தனியா இதுலதான் எழுதினேன். கொடுக்காம மேலே போய் சத்தியம் பண்ண மனசு வரலே. கேளு. 'கொட்டகையில ஒன்பது பேர். மேஜை மேல போர்வை. சத்தம் இல்லே.' எழுபத்தேழு நாளும் இதேதான் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழேயும் தினம் ஒரே வரிதான், மேவிஸ். 'ஐரிஸ் இன்னைக்கும் கேட்டா, ஏன் பாட்டை நிறுத்திட்டாங்கன்னு.'