என்ரிக்கே பேச வேண்டிய இடம்

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வீட்டுக்கல்விப் பெற்றோர் சங்கத் தலைவி திருமதி வில்லாரின் அவர்களே, குடியிருப்போர் சங்க நிர்வாகிகளே, கணவரை இழந்து நிற்கும் எங்கள் நெனிதா அக்காவே, நாற்காலி கிடைக்காமல் கூடைப்பந்துக் கம்பத்தடியில் நிற்கும் அக்கம்பக்கத்தாரே, எல்லோருக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, வணக்கம்.

பின்னால் இருக்கும் பேனரில் 'உலக வரலாற்று ஆசிரியர் ரெனாண்டே கபாஹுக்' என்று போட்டிருக்கிறது. கீழே இரண்டு தேதிகள். இரண்டாவது தேதி போன வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் அவர் என் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்துத் தின்றுவிட்டு, "கணக்கு டீச்சரே, இது காலனியாதிக்கம்" என்று சிரித்தார். அந்த மனிதர் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறாரா? என்னால் நம்ப முடியவில்லை. உங்களால் முடிகிறதா?

நான் ரோவெனா. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் இதே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் நடத்தினால் தூங்குவார்கள். நாண்டே சார் என்று அவர்கள் கூப்பிடும் இவர் வந்தால் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அவரிடம் ஓடுவார்கள். ஏனென்றால் அவர் பாடம் நடத்தவில்லை, கதை சொன்னார்.

பிரெஞ்சுப் புரட்சியை எப்படிச் சொன்னார் தெரியுமா? எல்லாரையும் ரொட்டிக்கு வரிசையில் நிறுத்தினார். தலைவி அம்மாவின் மகன் மட்டும், "எங்க வீட்டு வேலைக்கார அக்காவ நிக்க விட்டுட்டு நான் ஏசியில உக்காந்திருப்பேன்" என்றான். சார் திட்டவில்லை. "அப்ப நீதாண்டா ராஜா. போய் உக்காரு" என்று ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்தார். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், பாடினார்கள், கிடைத்த ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்து தின்றார்கள். ராஜா பாவம், வேடிக்கை பார்த்தான். கடைசியில் கெஞ்சினான்: "சார், நானும் வரிசைக்கு வரேன் சார்." அம்மா அவர்களே, எந்தப் புத்தகம் இதைச் சொல்லிக்கொடுக்கும்?

அவர் வகுப்பில் ஒரு விதி இருந்தது. கதையில் யார் செத்தாலும் அவர் விழுவார். கண்ணை மூடிக் கிடப்பார். அப்போது யாரும் அவர் பக்கத்தில் போகக்கூடாது. யாருடைய முறையோ அந்தப் பிள்ளை எழுந்து கதையைத் தொடர வேண்டும். அதுவரை அவர் பிணம். சீசராக விழுந்திருக்கிறார், அரசிகளாக விழுந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறார்.

போன வாரக் கதை, உலகைச் சுற்றக் கப்பலில் கிளம்பிய மெகல்லன். நம் தீவுத் தலைவன் லாப்புலாப்பு அவனை வீழ்த்திய மாக்தான் சண்டை நம் ஊர்க் கதை. பாலத்தைத் தாண்டினால் அந்தக் கடற்கரை. ஆனால் சார் அதை மலாக்கா அடிமைச் சந்தையிலிருந்து ஆரம்பித்தார். வேஷம் பிரிக்கும்போது பையன்கள் அத்தனை பேரும் லாப்புலாப்பு ஆக வேண்டும் என்றார்கள். "எல்லாரும் லாப்புலாப்பு ஆயிட்டா யாருடா தோக்குறது?" என்றார். யாரும் கேட்காத ஒரு வேஷம் மிஞ்சியது. மெகல்லன் மலாக்காவில் வாங்கிய அடிமை, என்ரிக்கே. அது ஒன்பது வயது ஜெஸாவுக்கு வந்தது.

"அவன் ஜெயிச்ச பக்கமா, தோத்த பக்கமா சார்?" என்று கேட்டாள்.

"தான் செத்தா அவனுக்கு விடுதலைன்னு மெகல்லன் எழுதி வச்சிருந்தான். இப்ப எஜமான் விழுந்துட்டான். அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரும் கேட்டு எழுதல. நீதான் சொல்லணும்."

வியாழக்கிழமை குடியிருப்பின் கிளப்பில் மெகல்லனாக சார் விழுந்தார். பிள்ளைகள் விதிப்படி அசையாமல் இருந்தார்கள். இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். இன்னொருவர், "இன்னைக்கு ரொம்பத் தத்ரூபமா விழுந்துட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் என்னென்ன எழுதினீர்கள்! அந்த விதிதான் அவரைக் கொன்றதாம். குழந்தைகள் பயந்துவிட்டார்களாம். கதை இனி வேண்டாம், வீடியோ பாடம் போதும் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவெடுக்கப் போகிறீர்களாம். இதையெல்லாம் வீட்டில் சத்தமாகப் படித்தீர்கள். அது ஜெஸாவின் காதில் விழுந்தது.

எனக்குக் கோபம் வருகிறது. சாவு வீட்டில் கோபப்படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மன்னியுங்கள், நான் படுவேன்.

சார் விழுந்து கிடந்த அந்த நேரத்தில் நான் குடியிருப்பின் வாயிலில் நின்றேன். நானும் சாரும் வெளியே குடியிருப்பவர்கள், அடையாள அட்டையைக் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். எனக்கு முன்னால் நம் வட்டாரத்தின் ஆம்புலன்ஸ் நின்றது. எந்த வீடு என்று காவலர் கேட்டார். கிளப் என்றார் ஓட்டுநர். கிளப்புக்கு ஏது வீட்டு எண்? எண் இல்லாமல் எந்த வண்டிக்கும் வாயிலின் தடுப்புக் கம்பியைத் தூக்கக்கூடாது என்பது உத்தரவு. காவலர் அலுவலகத்துக்குப் போன் போட்டார், மறுபடி போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே நின்றது. யாருக்காக அலறுகிறது என்று தெரியாமல் நானும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

அந்தக் காவலரை யாரும் திட்ட வேண்டாம். அவர் அதோ, கம்பத்தடியில் நின்று அழுகிறார். உத்தரவு போட்டவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது என்கிறார் டாக்டர். நானும் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்திவைத்த கம்பியைப் பற்றி குழுவில் ஒரு வரி இல்லை. குழந்தைகளின் கதையைப் பற்றி மட்டும் எத்தனை வரிகள்!

நேற்று ராத்திரி இதே பெட்டிக்குப் பக்கத்தில் பெரியவர்கள் கண்விழிக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஜெஸா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை.

"டீச்சர், நான் லேட்டா எந்திரிச்சிட்டேன். என்ரிக்கே அழுவானா சிரிப்பானான்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"அழவும் தோணல, சிரிக்கவும் தோணல. கிட்டப் போய்ப் பார்ப்பான்னு தோணுச்சு. போனேன். மூக்குல விரல் வச்சேன். மூச்சு வரல."

கேட்டீர்களா? பெரியவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்த அறையில், விதியை மீறி எழுந்து போய் அவரைத் தொட்டவள் இவள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியவள் இவள். ஜெஸா, நீ தாமதமாக எழவில்லை. அந்த அறையில் முதலில் எழுந்தது நீதான்.

நெனிதா அக்கா, உங்கள் கணவர் ஆரம்பித்ததை நாங்கள் விடமாட்டோம். எனக்கு அவரைப்போலக் கதை சொல்ல வராது. கற்றுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சங்கம் என்ன முடிவெடுத்தாலும் சரி, அடுத்த வியாழக்கிழமை வகுப்பு நடக்கும். கிளப் கிடைக்காவிட்டால் இந்தக் கூடைப்பந்துத் திடலில் நடக்கும். இங்கே வாயிலும் இல்லை, கம்பியும் இல்லை. வெளிப்பிள்ளைகளும் வரட்டும்.

நாண்டே சாரின் விதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுகிறேன், சார் கோபித்துக்கொள்ள மாட்டார். இனி யார் விழுந்தாலும், விழுந்தவன் எஜமானாகவே இருந்தாலும், முதலில் போய்த் தொட்டுப் பார்ப்போம். கதை அதற்கப்புறம்.

மெகல்லன் தண்ணீரில் கிடக்கிறான். என்ரிக்கே கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு நிமிர்கிறான். வியாழக்கிழமை அங்கிருந்து தொடங்குவோம். ஜெஸா, உன் முறை.