தடத்துக்குக் குறுக்கே ஒரு வலை

மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகள் திறந்து ஓராண்டு ஆகியிருக்கும். காரிமங்கலம் சந்தையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

"எங்கூர்ல சாராயக் கடைக்குப் போற தடத்துக்குக் குறுக்க வாலிபால் வலை கட்டிட்டோம்."

இளையவள் சிரித்துவிட்டாள். "கடைக்காரன் சும்மாவா வுட்டான்?"

"கத்தத்தான் செஞ்சான். வழியை யாரும் அடைக்கலை, குடிக்கறவன் வலைக்கு அடியில குனிஞ்சி போவட்டும்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அப்படிக் குனியறப்ப ஆடற பசங்க, 'ஒரு ஆளு கொறையுது, வாடா'ன்னு கூப்புடுவாங்க. நாலஞ்சு பேரு அப்படியே நின்னுட்டாங்க."

"உங்க பையன் ஆடறானாக்கா?"

அவள் காலிக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "எங்க... தெனமும் குனிஞ்ச தலை நிமிராம போயிருவான். நேத்து பந்து அவன் காலுகிட்ட வந்து வுழுந்துது. எடுத்துப் போட்டுட்டுப் போனான்."

"கடைக்கா?"

"கடைக்குத்தான். ஆனா அந்தப் பந்து எங்க போயி வுழுவுதுன்னு நின்னு பாத்துட்டுப் போனான்."

இளையவள் அந்தக் காலிக் கூடையைப் பார்த்தாள்.

"சந்தையில ஒண்ணும் வாங்காம கெளம்பிட்டீங்களேக்கா?"

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும். இன்னிக்கி அவன் நின்னுட்டா நான் பாக்க வேணாமா?"