சரிவில் விழுந்த பதினைந்து சொட்டுகள்

ரந்தாவ் தோட்டத்து ஃபிட்டர் திரு. செல்வநாயகம் அவர்கள் பணி விட்டுச் செல்லும் நாளில் வாசித்தளித்தது

விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ஜப்பான்காரர் வந்ததிலிருந்து கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டும். இங்கே இன்னும் இருட்டு. தாங்கள் இரண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கும் கடுங்காப்பியும் முடித்து, எண்ணெய்க் குவளையோடு தண்டவாளத்தில் இறங்குவீர்கள். மேட்டிலிருந்து தொழிற்சாலை வரை ஆணி ஆணியாகத் தட்டிப் பார்ப்பீர்கள். இருபத்துநான்கு ஆண்டுகள் இப்படித்தான் விடிந்தன.

தளராத கரமும் தாழாத தலையும் கொண்ட ஃபிட்டர் ஐயா அவர்களே!

தங்களுக்கு ஓய்வு அளித்திருப்பதாக அலுவலகம் எழுதியிருக்கிறது. அது பொய். ஒரு கையெழுத்தைப் போட மறுத்தீர்கள், அதனால் அனுப்பப்படுகிறீர்கள். அதை மறைத்துவிட்டுத் தங்களைப் புகழ்ந்தால் இந்த மடலும் பொய்யாகிவிடும்.

தண்டவாளத்துக் கிழங்கு வண்டிக்குப் பிரேக் பிடித்த இருவரையும் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிப் போனார்கள். மாற்று ஆள் தரவில்லை. கிழங்கு வண்டியை மேட்டில் அவிழ்த்துவிட்டால் தானே இறங்கிவிடும் என்றார் நிர்வாகி. கூடாது என்று தாங்கள் மூன்று முறை சொன்னீர்கள். வண்டி இறங்கியது. தண்டவாளக் கடவையில் அலுவலகக் கிராணி இராஜரத்தினத்தின் மனைவி ஆனந்தவல்லி அடிபட்டு இறந்தார். வயது இருபத்திரண்டு.

விசாரணை அலுவலக வாசலிலேயே முடிந்தது. சேறு என்று நிர்வாகி மேடேறவில்லை. வாசலில் உள்ள சமதளப் பாதையில் வண்டியைத் தள்ளச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நொடிக்கு மூன்று முழம். வண்டி கண்ணில் படும் வளைவிலிருந்து கடவை எண்பத்தொரு முழம். ஆகவே இருபத்தேழு நொடி. வெற்றிலை போட்டுக்கொண்டே கடந்திருக்கலாம் என்று சிரித்தார். ‘பெண்ணின் கவனக்குறைவு’ என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுத வேண்டிய கிராணி இராஜரத்தினமேதான். அவர் எழுதினார். எப்படி எழுதினார் என்பது அவருக்கே இன்னும் விளங்கவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்குத் தங்களை அழைத்தார்கள். போட்டுவிட்டுப் போங்கள் ஐயா, போன உயிர் திரும்பவா போகிறது, அரிசிக் கூப்பனாவது மிஞ்சட்டும் என்று தொழிலாளரை மேய்க்கும் மண்டோர் சன்னாசி காதோடு சொன்னார். தாங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

“மட்டத்தில ஓடின வண்டி ஒருத்தரையும் கொல்லேல்லை, துரை. கொன்ற இடத்தில அளப்பம்.”

மறுநாள் தகரக் குவளையில் ஆணியால் துளையிட்டு, நீர் கலந்த ரப்பர்ப் பாலை ஊற்றினீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி துளையைச் சரிசெய்து, வண்டியின் பின்னால் கட்டினீர்கள். சமதளத்தில் தள்ளியபோது மூன்று முழத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. பிறகு கடவைக்கு அப்பால் மண்மூட்டை அடுக்கி, வண்டியை மேட்டில் அவிழ்த்துவிட்டீர்கள். முழக்கோலைப் பிடித்தவர் இராஜரத்தினம். அவிழ்த்த இடத்திலிருந்து முதல் சொட்டுவரை ஒரு முழம். அடுத்த இடைவெளி மூன்று. பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது. பன்னிரண்டாம் சொட்டு வளைவில் கிடந்தது. பதினைந்தாம் சொட்டு கடவையில் கிடந்தது.

இருபத்தேழு நொடி அல்ல. மூன்று.

அந்தக் கணக்கை நிர்வாகி படிக்காமலே கிழித்தார். தண்டவாளக் கட்டைகளில் காய்ந்த பால் இத்தனை மழைக்கும் போகவில்லை. நடந்து போனால் யாரும் எண்ணலாம். அவர் இன்றுவரை மேடேறவில்லை.

ஐயா, மம்பாவில் மகள் வீட்டில் நோயின்றி நெடுநாள் வாழுங்கள். பதிவேட்டில் அந்த ஒரு வரி அடித்து நீக்கப்படும் நாளைக் கண்ணால் காணும்வரை வாழுங்கள். இந்த மடலுக்குச் சட்டம் போடக் கண்ணாடி கிடைக்கவில்லை. மடித்து வைத்துக்கொள்ளுங்கள், வழிச்சோதனையில் கவனம்.

தங்களைத் தனியே நிற்கவிட்டதற்கு வெட்கப்படும்,
தோட்டத்து அலுவலக, தொழிற்சாலை ஊழியர்கள்

பதிவேட்டில் ஏறாத சாட்சியம் ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறோம். அன்று ஆனந்தவல்லியோடு கூட நின்ற தாயம்மா சொன்னது. ஆனந்தவல்லி கடவையில் நின்றார். மேட்டைத் திரும்பிப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாகப் பிரேக்கோடு மெல்ல இறங்கிய வண்டியைத்தான் அவர் அறிவார். தாயம்மாவிடம் சொன்னார்:

“வண்டி தூரத்திலதான். உனக்குக் கூடை பாரம், நீ முதல் போ.”